கணக்கு சரியாகும்வரை: சிறைக்குள் ஒரு நாள் நகரும் விதம்

சிறையின் ஒரு நாளைக் கூறுபோடுவது கணக்குதான். காலையில் செல் கதவு திறக்குமுன் ஒரு தடவை, மதியச் சாப்பாட்டை ஒட்டி ஒரு தடவை, வேலைக்கூடம் மூடும்போது ஒரு தடவை, மாலையில் எல்லோரையும் செல்லில் பூட்டும் லாக்-அப் முடிந்ததும் ஒரு தடவை, பிறகு விடியும்வரை பல தடவை தலை எண்ணப்படும். எண்ணி முடித்து, கட்டுப்பாட்டு அறையிலிருந்து 'சரி' என்று வரும்வரை யாரும் அசையக் கூடாது. சமையலறையில் சோறு ஆறினாலும், வக்கீல் வாசலில் காத்திருந்தாலும், டாக்டரிடம் போக வேண்டியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் அப்படியே நிற்க வேண்டியதுதான். வெளியிலிருந்து பார்த்தால் சடங்கு போலத் தெரியும். உள்ளே டியூட்டி பார்ப்பவருக்கு அன்றைக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே விஷயம் அந்த எண்.

கணக்கின் சூத்திரம் எளிது. நேற்றிரவு இருந்த எண்ணோடு புதிதாக வந்தவர்களைக் கூட்ட வேண்டும். விடுதலையானவர்களையும் வேறு சிறைக்கு மாற்றப்பட்டவர்களையும் கழிக்க வேண்டும். கிடைத்ததில் நீதிமன்றம் போனவர், வெளி மருத்துவமனையில் காவலோடு படுத்திருப்பவர் ஆகியோரைத் தள்ளினால், மிச்சமுள்ள ஒவ்வொருவரும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரு பிளாக்கை இரண்டு பேர் எண்ணுவது நல்ல முறை. ஒருவர் ஒரு முனையிலிருந்தும் இன்னொருவர் மறுமுனையிலிருந்தும் எண்ணி, ஒருவருக்கொருவர் சொல்லாமல் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். இரண்டு சீட்டும் ஒத்துப்போனால்தான் அந்த எண் மேலே போகும். 'எனக்கு 64 வந்தது, உனக்கு?' என்று கேட்டுவிட்டால் இரண்டாவது எண்ணிக்கைக்குப் பொருளே இல்லை. அவருக்கும் 64தான் வரும்.

கணக்கு பிசகினால் உடனே யாரோ தப்பிவிட்டார் என்று ஆகிவிடாது. பெரும்பாலும் காரணம் சப்பென்று இருக்கும். மதியம் செல் மாற்றப்பட்டவரின் பெயர் பழைய பட்டியலிலேயே நின்றிருக்கும். நடமாட்டத்தை நிறுத்தாமல் எண்ணியதால் ஒருவர் இரண்டு இடத்தில் எண்ணப்பட்டிருப்பார். அவசரமாக மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவரைக் கேட் பதிவேடு கழித்திருக்கும், பிளாக் பதிவேடு கழித்திருக்காது. முதலில் மறுபடி எண்ணுவார்கள். அதுவும் பொருந்தாவிட்டால் பெயர், எண், புகைப்படம் மூன்றையும் வைத்து ஆளாளாகச் சரிபார்ப்பார்கள். பெரிய சிறையில் இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அன்றைய மனு (உறவினர் சந்திப்பு), தொழிற்கூடம், வகுப்பு எல்லாம் வரிசையாகப் பின்தள்ளிப் போகும். கைதிகளுக்கு வரும் கோபத்தில் பாதி இப்படி யாரும் விளக்காத காத்திருப்பில் பிறப்பதுதான்.

எண் சரியாக இருந்தும் ஆள் இல்லாமல் போவதும் நடந்திருக்கிறது. 1962 ஜூன் 11 இரவு, அமெரிக்காவின் அல்கட்ராஸ் தீவுச் சிறையில் மூன்று படுக்கைகளில் தலை தெரிந்தது, முடி தெரிந்தது. முடிவெட்டும் இடத்தில் விழுந்த நிஜ மயிரை ஒட்டிச் செய்த பொம்மைத் தலைகள் அவை என்பது விடிந்த பிறகுதான் தெரிந்தது. அரை நூற்றாண்டு கழித்து 2015 ஜூனில், நியூயார்க் மாநிலத்தின் டேனமோரா சிறையிலும் துணியைத் திணித்து ஆள் படுத்திருப்பதுபோலச் செய்துவிட்டு இருவர் வெளியேறினார்கள். காலை ஐந்தரை மணிக் கணக்கில்தான் அது பிடிபட்டது. அதற்கு முன்பே பல இரவுகள் அவர்கள் செல்லைவிட்டு இறங்கிச் சுரங்கப் பாதைகளில் வேலை பார்த்திருந்தார்கள். இரவுக் கணக்கு முறைப்படி எடுக்கப்படவில்லை என்று பின்னர் நடந்த விசாரணை சொன்னது.

இதனால்தான் இரவுப் பாராவுக்கு வரும் புதியவருக்கு முதலில் சொல்லித் தருவது: போர்வையை எண்ணாதே, தோலைப் பார், மூச்சைப் பார். டார்ச்சை முகத்தில் அடித்து எழுப்ப வேண்டியதில்லை. சுவரில் அடித்தால் போதிய வெளிச்சம் கிடைக்கும். மார்பு ஏறி இறங்குவது தெரியும்வரை நிற்க வேண்டும். தெரியாவிட்டால் கதவைத் தட்ட வேண்டும், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. முந்நூறு இரவுகள் ஒன்றுமே நடக்காதபோது முந்நூற்றொன்றாம் இரவும் அதே கவனத்தோடு பார்ப்பது எவ்வளவு கடினம் என்பது அந்த நடைபாதையில் நடந்தவருக்குத் தெரியும். சிறை ஓடுவதே பழக்கத்தால்தான். அது சரியும்போதும் காரணம் பெரும்பாலும் பழக்கம்தான்.

சாவி, கருவி, சோதனை

டியூட்டிக்கு வரும் காவலர் முதலில் செய்வது தன் எண்ணிட்ட வில்லையைக் கொடுத்துச் சாவிக் கொத்தை வாங்குவது. பலகையில் வில்லை தொங்கினால் சாவி வெளியே இருக்கிறது, யாரிடம் என்றும் தெரியும். கொத்து இடுப்புப் பட்டையில் சங்கிலியோடு பிணைந்திருக்கும். பூட்டில் விட்டுவிட்டு இரண்டடி நகரக் கூடாது. பயன்படுத்தாத நேரத்தில் பைக்குள் மறைந்திருக்க வேண்டும். சாவி திருடு போகும் என்ற பயம் மட்டுமல்ல இதற்குக் காரணம். சாவியின் பல் வரிசையைப் பார்த்தே மனதில் பதித்துக்கொள்ளக் கூடியவர்கள் உள்ளே இருக்கிறார்கள். 1995 ஜனவரியில் இங்கிலாந்தின் வைட் தீவிலுள்ள பார்க்ஹர்ஸ்ட் சிறையிலிருந்து மூவர், சிறைத் தொழிற்கூடத்திலேயே செய்த சாவியால் கதவுகளைத் திறந்து, அங்கேயே செய்த ஏணியால் மதிலைத் தாண்டினார்கள். சில நாளில் பிடிபட்டாலும், பூட்டின் பலத்தை மட்டும் நம்பிய ஏற்பாடு அன்றோடு அம்பலமானது. ஒரு கொத்து காணாமல் போனால் அது திறக்கும் பூட்டுகள் அத்தனையும் மாற்றப்பட வேண்டியிருக்கும். ஐந்து நிமிட மறதிக்கு அது பெரிய செலவு.

தொழிற்கூடத்திலும் சமையலறையிலும் கருவிகள் நிழல் பலகையில் தொங்கும். ஒவ்வொரு கருவியின் உருவமும் அதன் இடத்தில் வண்ணத்தில் வரையப்பட்டிருக்கும். கத்தரி இல்லையென்றால் கத்தரியின் நிழல் மட்டும் பல்லிளிக்கும். வேலை முடிந்து ஆள் வெளியேறும் முன் பலகை நிரம்பியிருக்க வேண்டும். குறைந்தால் கதவு திறக்காது. பெரிய கருவிகளில் இது நன்றாகவே வேலை செய்யும். தொல்லை சின்னச் சின்னவற்றில்தான்: உடைந்த ஹாக்சா பிளேடின் துண்டு, ஊசி, திருகாணி. அதனால் உடைந்ததைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது. இரண்டு துண்டையும் ஒட்டவைத்து நீளம் பார்த்து வாங்குபவரே நல்ல பொறுப்பாளர்.

செல் சோதனைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. இரண்டு பேராகப் போக வேண்டும். முதலில் ஆளைச் சோதித்துவிட்டுப் பிறகு அறைக்குள் நுழைய வேண்டும். இல்லாவிட்டால் தேடும் பொருள் அறைக்கும் சட்டைக்கும் இடையே நடந்துகொண்டே இருக்கும். கதவில் தொடங்கி ஒரே திசையில் சுற்றி, மேலிருந்து கீழாகப் பார்த்துவர வேண்டும். கண் பார்க்காத இடத்தில் கை போகக் கூடாது. மெத்தைக்கடியிலும் குழாய்க்குப் பின்னாலும் பிளேடோ ஊசியோ இருக்கலாம். கண்ணாடியும் டார்ச்சும் அதற்குத்தான். சன்னல் கம்பிகளைச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டுவார்கள். முழுக் கம்பி கணீரென்று ஒலிக்கும். அறுபட்டு சோப்பு பூசி மறைத்த கம்பி மந்தமாகச் சத்தம் கொடுக்கும். முடிந்ததும் குடும்பப் புகைப்படத்தையும் கடிதக் கட்டையும் எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். மரியாதைக்காக மட்டுமல்ல. அறையைக் கலைத்துப்போட்டு வந்தால் அந்த வாரம் முழுக்க அந்த பிளாக்கில் யாரும் ஒரு தகவலும் தரமாட்டார்கள்.

ஒருவருக்கு ஐம்பது பேர்

காவலர்களின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் சிறை நடக்கவே முடியாது. ஒரு பிளாக்கில் ஐம்பது, அறுபது பேர் கதவு திறந்து நடமாடும்போது அவர்களுக்கு நடுவில் ஓரிருவர் நிற்பார்கள். நியூஜெர்சியின் டிரென்டன் சிறையை ஆராய்ந்த சமூகவியலாளர் கிரெஷம் சைக்ஸ் 1958இல் எழுதியது இதைத்தான். காகிதத்தில் காவலரிடம் முழு அதிகாரம் இருக்கிறது. நடைமுறையில் அவர் ஒவ்வொரு நாளும் கைதிகளின் ஒத்துழைப்பைச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. அறுபது பேரும் ஒரே நேரத்தில் 'செல்லுக்குள் போகமாட்டோம்' என்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. பிரிட்டிஷ் சிறை நிர்வாகத்தில் இருந்த இயன் டன்பார் 1985இல் இதற்கு ஒரு பெயரும் வைத்தார். உயிர்ப்புள்ள பாதுகாப்பு என்று தமிழில் சொல்லலாம். கேமராவும் மதிலும் பாதி வேலையைச் செய்யும். மறுபாதி, காவலர் கைதிகளோடு பேசி, அவர்களை ஆளாளாக அறிந்து வைத்திருப்பது.

கட்டடங்களும் இதை ஒட்டி மாறியிருக்கின்றன. 1791இல் ஜெரமி பெந்தாம் வெளியிட்ட வட்டச் சிறைத் திட்டத்தில் நடுக் கோபுரத்தில் ஒருவர் இருந்து எல்லோரையும் பார்ப்பார், அவரை யாரும் பார்க்க முடியாது. கலிபோர்னியாவின் மார்ட்டினஸ் நகரில் 1981இல் திறந்த சிறை இதைத் தலைகீழாக்கியது. கண்ணாடிக் கூண்டு இல்லாமல், கைதிகள் இருக்கும் கூடத்துக்குள்ளேயே காவலருக்கு மேசை போட்டார்கள். பக்கத்திலேயே ஆள் இருப்பதால் தகராறு சொல்லளவில் இருக்கும்போதே தெரிந்துவிடும். ஆனால் இது எளிதான டியூட்டி இல்லை. கூண்டுக்குள் ஒளிந்துகொள்ளும் சுபாவம் உள்ளவருக்கு அந்த மேசை ஒரு வாரம்கூடத் தாங்காது.

பேசத் தெரிந்தவர் என்றால் நைச்சியமாகப் பேசுபவர் என்று பொருள் இல்லை. கைதிகள் மதிக்கும் காவலரிடம் இரண்டு குணம் இருக்கும். சொன்னதைச் செய்வார், முடியாததை முடியாது என்பார். தொலைபேசி எண்ணைப் பட்டியலில் சேர்க்க ஒருவர் விண்ணப்பம் கொடுத்தால் அதைப் பதிவேட்டில் எழுதி, பதில் வந்தாலும் வராவிட்டாலும் மறுநாள் அவரிடம் சொல்ல வேண்டும். 'பார்க்கலாம்' என்பது இந்த வேலையில் மிக மோசமான பதில். இல்லை என்றால் ஒருவர் கோபப்பட்டுவிட்டுப் போவார். பார்க்கலாம் என்றால் மூன்று நாள் நம்பியிருந்து நான்காம் நாள் வெடிப்பார். காலை ஷிப்ட் மறுத்ததை மாலை ஷிப்ட் அனுமதிப்பதும் அதே அளவு கெடுதல்.

இதே நெருக்கத்தில்தான் ஆளைக் கெடுக்கும் வேலையும் நடக்கிறது. காவலரைக் கவனிக்கக் கைதிக்கு நாள் முழுக்க நேரம் இருக்கிறது. யார் கடனில் இருக்கிறார், யாருக்கு மேலதிகாரியோடு ஆகாது, யார் பாராட்டுக்கு ஏங்குகிறார் என்பதெல்லாம் பேச்சிலேயே விழும். தொடக்கம் எப்போதும் சின்னதாக இருக்கும்: ஒரு பேனா, ஒரு மிட்டாய், 'இங்கே மனுஷனாக நடத்துவது நீங்கள் ஒருவர்தான் சார்' என்ற ஒரு வரி. அடுத்தது, விதியில் இல்லாத ஆனால் கெடுதலும் இல்லாத ஓர் உதவி. ஒரு கடிதத்தை வெளியே தபாலில் போடுவது போல. மூன்றாவது படியில் குரல் மாறும்: கடிதம் போட்டதைச் சொல்லிவிட்டால் உங்கள் வேலை போகும், ஆகவே இந்தப் பொட்டலத்தை மட்டும் கொண்டுவாருங்கள். டேனமோராவில் ஊழியர் ஒருவர் கருவிகளை இறைச்சிக்குள் உறையவைத்து அனுப்பினார். அது என்னவென்று பார்க்காமலேயே இன்னொரு காவலர் சோதனையைத் தாண்டி உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தார். இருவரும் தண்டனை பெற்றார்கள். இதற்கு மருந்து ஒன்றுதான்: முதல் சறுக்கலை அன்றைக்கே தானாக மேலே சொல்லிவிடுவது. அப்படிச் சொன்னவரை உடனே தண்டிக்கும் சிறையில் இரண்டாவது முறை யாரும் சொல்லமாட்டார்கள்.

கதவுக்கு அந்தப் பக்கம்

செல் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. உள்ளே இருப்பவரின் வாழ்க்கையைச் சொல்ல அது ஒன்றே போதும். விளக்கு அணைப்பதும், குளிக்கும் நேரமும், யாரோடு ஒரே அறையில் தூங்குவது என்பதும் வேறொருவர் கையில். புதிதாக வந்தவரைத் தாக்கும் முதல் விஷயம் பெரும்பாலும் சத்தம். இரும்புக் கதவு அறைவது, சாவி குலுங்குவது, இரவெல்லாம் யாரோ கத்துவது. இரண்டாவது, கேட்டுக்கேட்டுப் பெற வேண்டியிருப்பது. ஒரு மாத்திரைக்கும் ஒரு தாளுக்கும் ஒரு கையெழுத்துக்கும் கதவருகே நின்று காத்திருக்க வேண்டும்.

உயிருக்கு மிகுந்த ஆபத்தான காலம் முதல் இரவும் முதல் சில நாட்களும். போதை நின்றதால் வரும் நடுக்கம், அவமானம், வீட்டுக்குச் சொல்லாமல் வந்த பதைப்பு எல்லாம் அப்போதுதான் ஒன்றாக அழுத்தும். அதனால் உள்ளே எடுக்கும்போது பெயர், உடைமைப் பட்டியல், மருத்துவப் பரிசோதனை என்று வரிசையாக நகரும் வேலைகளுக்கு நடுவே, ஒரு தொலைபேசி அழைப்பும் நேராகக் கேட்கும் கேள்வியும் இருக்க வேண்டும்: 'உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?' கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்காவிட்டால் சொல்ல வாய்ப்பே இராது. கவலைக்குரியவரை மணிக்கு நான்கு முறை பார்க்கச் சொன்னால், சரியாகப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை போகக் கூடாது. இடைவெளி மாறிக்கொண்டே இருக்க வேண்டும். பதிவேட்டில் பத்து, பத்தேகால், பத்தரை என்று அச்சடித்ததுபோல நேரம் எழுதியிருந்தால், போகாமலே எழுதியிருக்கிறார் என்று அனுபவமுள்ள அதிகாரிக்குத் தெரிந்துவிடும்.

உள்ளே பணம் நடமாடாததால் வேறொன்று பணமாகும். பல காலம் சிகரெட் அந்த வேலையைச் செய்தது. 1945இல் ராட்ஃபோர்டு என்ற பொருளியலாளர், தான் இருந்த போர்க்கைதி முகாமில் சிகரெட் எப்படி நாணயமானது, சிகரெட் பொதி வந்த நாளில் மற்ற பொருள்களின் விலை எப்படி ஏறியது என்று எழுதியதை இன்றும் பாடமாக வைக்கிறார்கள். புகை தடைசெய்யப்பட்ட சிறைகளில் தபால்தலையும் நாள்பட வைக்கக்கூடிய உணவுப் பொட்டலமும் அந்த இடத்துக்கு வந்தன. வட்டி மட்டும் மாறவில்லை: ஒன்று வாங்கினால் அடுத்த வாரம் இரண்டு. தீராத கடன் அடிதடியாகவோ, கடத்தலுக்கு உடன்படுவதாகவோ, தன்னையே காயப்படுத்திக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுவதாகவோ முடியும். கேண்டீன் பொருள் வாங்கிய அன்றே ஒருவர் வெறுங்கையோடு திரும்பினால், திடீரென்று உலாவ வராமல் செல்லிலேயே கிடந்தால், காரணம் சொல்லாமல் பிளாக் மாற்றக் கேட்டால், அது பெரும்பாலும் கடன்.

சண்டை அதிகம் கிளம்பும் இடம் சாப்பாட்டு வரிசை. கரண்டி அளவு ஒருவருக்கு ஒருவர் மாறினால் அங்கே அது சின்ன விஷயமில்லை. அந்த நாளில் அவர் எதிர்பார்த்திருந்த ஒன்றே ஒன்று அதுவாக இருக்கும். பரிமாறுவதைக் காவலர் பக்கத்தில் நின்று பார்ப்பதும், எந்த வரிசை முதலில் வருவது என்று சுழற்சி வைப்பதும் அதனால்தான்.

பெரும் கலவரம் திடீரென்று வருவதில்லை. கேண்டீனில் எல்லோரும் பொருள் சேர்த்து வைப்பார்கள். வழக்கமாகக் காவலரோடு பேசுபவர்கள் கண்ணைத் தவிர்ப்பார்கள். இரைச்சலான பிளாக் அமைதியாகும். அந்த அமைதிதான் பழைய ஆட்களை நடுங்கவைப்பது. 1971 செப்டம்பரில் நியூயார்க்கின் அட்டிகா சிறை எழுந்தபோது கோரிக்கைகளுக்குப் பின்னால் வாரத்துக்கு ஒரே குளியல், மாதத்துக்கு ஒரே கழிவறைக் காகிதச் சுருள் என்ற நிலை இருந்தது. எழுச்சியிலும் அதை அடக்கியதிலும் 43 பேர் இறந்தார்கள். 1990 ஏப்ரலில் மான்செஸ்டரின் ஸ்டிரேஞ்ச்வேஸ் சிறையில் எழுந்த கலவரம் 25 நாள் நீடித்தது. அங்கே இரவு வாளியில் கழித்துக் காலையில் கொட்டும் வழக்கம் இருந்தது. அதை விசாரித்த நீதிபதி வுல்ஃப், பாதுகாப்பு, கட்டுப்பாடு, நியாயம் மூன்றும் சமநிலையில் இருந்தால்தான் சிறை நிலைக்கும் என்று 1991இல் எழுதினார். மூன்றாவதை இரக்கம் என்று எண்ணிவிடும் நிர்வாகிகள் இன்றும் இருக்கிறார்கள். அது பாதுகாப்பு ஏற்பாட்டிலேயே ஒரு பகுதி.

தனிச்சிறை பற்றி உலக அளவில் ஒரு கோடு இருக்கிறது. 2015 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், பயனுள்ள மனிதத் தொடர்பின்றி நாளுக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ அடைத்துவைப்பதைத் தனிச்சிறை என்கின்றன. தொடர்ந்து 15 நாளைத் தாண்டினால் தடை. வெளியே வேலை இல்லாத கைதிக்கு நாளுக்கு ஒரு மணி நேரமாவது திறந்தவெளியில் நடமாட்டம் வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. ஆள் பற்றாக்குறை வந்ததும் முதலில் வெட்டுப்படுவது அந்த ஒரு மணி நேரம்தான்.

பலப்பிரயோகம் கடைசி வழி. மூன்று பேர் சேர்ந்து பிடிப்பதே பயிற்சி: ஒருவர் தலையைக் காப்பார், இருவர் கைகளை. நான்காவதாக ஒருவர் தொடாமல் நின்று, மூச்சையும் முகநிறத்தையும் மட்டும் பார்க்க வேண்டும். குப்புறப் படுக்கவைத்து முதுகில் எடை வைப்பதுதான் உயிரைப் பறிக்கும் தவறு. 'மூச்சுவிட முடியவில்லை' என்று சொல்ல முடிகிறதே, அப்படியானால் மூச்சு இருக்கிறது என்று நினைப்பது அதைவிடப் பெரிய தவறு.

இந்த வேலை சீருடையோடு கழன்றுவிடாது. வெளியே சாப்பிடப் போனாலும் காவலர் வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்காருவார். வீட்டிலும் பின்னால் யாராவது வேகமாக நடந்தால் திரும்புவார். பார்த்ததை வீட்டில் சொல்ல முடியாது, சொல்லாமல் தூங்கவும் முடியாது. இப்படி அனுபவமுள்ளவர்கள் விலகிப்போகும்போது இழப்பது ஆள் எண்ணிக்கையை மட்டும் அல்ல. அந்த பிளாக்கின் அமைதியைப் படிக்கத் தெரிந்த காதும் போய்விடுகிறது. நார்வேயில் சிறைக் காவலர் பயிற்சி இரண்டு ஆண்டு. பல நாடுகளில் அது வாரக் கணக்கில் முடிகிறது.

விடுதலை நாளில் சோதிக்க வேண்டியவை: அதே பெயரில் வேறொருவர் இருக்கிறாரா, வேறு வழக்கில் பிடியாணை நிலுவையில் இருக்கிறதா, புகைப்படமும் மச்சமும் ஒத்துப்போகிறதா. தவறான ஆளை விடுவது பல நாடுகளில் நடந்திருக்கிறது. அதற்கு ஒரு காரணம் ஒரே பெயர். பிறகு உடைமைப் பட்டியலைப் பார்த்துப் பொருளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். நெடுங்காலம் உள்ளே இருந்தவர் கேட்டுக்கு வெளியே வந்தபிறகும் கதவுமுன் நின்று யாராவது திறப்பார்கள் என்று காத்திருப்பதுண்டு. ஆனால் அவர்களைத் திரும்ப உள்ளே தள்ளுவது பெரும்பாலும் அதைவிடச் சாதாரணமான விஷயம். வெள்ளிக்கிழமை மதியம் விடுதலையானால் தங்குமிடத்துக்கோ மருந்துச் சீட்டுக்கோ உதவித்தொகைக்கோ போய் நிற்க வேண்டிய அலுவலகம் எதுவும் திங்கள்வரை திறந்திருக்காது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023இல் சட்டமே மாற்றி, தேவையுள்ள கைதிகளை அப்படிப்பட்ட வெள்ளிக்கு ஓரிரு நாள் முன்பே விட வழி செய்தார்கள்.